ஸ்டிக்கருக்குப் பின்னால் யார் இருக்கிறார்? மின்சாதனப் பாதுகாப்பு பற்றி ஓர் எளிய விளக்கம்

பினாங்கில் மின்சாமான் வாங்கப் போகிறவர்கள் கடையில் நின்றபடியே எனக்குப் போன் போடுவதுண்டு. கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “அண்ணே, பின்னாடி சி.இ.ன்னு போட்டிருக்கு. வாங்கலாமா?” பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் மின்சாதனங்களைச் சோதிக்கும் பிரிவில் வேலை பார்ப்பதால் என்னைக் கேட்கிறார்கள். வாங்கு, வாங்காதே என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் அடுத்த மாதம் வேறொரு சாமான், வேறொரு முத்திரை, திரும்பவும் அதே சந்தேகம். அதனால் இந்த முத்திரைகள் எங்கிருந்து வருகின்றன, ஒட்டுவதற்கு முன்னால் என்ன நடக்கிறது என்பதை ஒரே மூச்சில் எழுதிவிடுகிறேன். மின்சாரம் படித்திருக்க வேண்டியதில்லை.

எந்த முத்திரையைப் பார்த்தாலும் இரண்டு விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். இதற்கு யார் பொறுப்பேற்கிறார்? அவர் எதற்குப் பொறுப்பேற்கிறார்? செய்தவரே ‘என் சாமான் நல்லது’ என்கிறாரா, அல்லது விற்பனையில் லாபம் இல்லாத இன்னொருவர் சோதித்துவிட்டுச் சொல்கிறாரா? சொல்வது ஷாக் அடிக்காது என்பதையா, கரண்ட் பில் குறையும் என்பதையா? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

தரநிலை வேறு, சட்டம் வேறு

தரநிலை என்பது ஓர் ஆவணம். ஒரு சாதனம் எப்படி இருக்க வேண்டும், அதை எப்படிச் சோதிக்க வேண்டும், எந்த அளவைத் தாண்டினால் தேறவில்லை என்று எழுதிவைத்திருக்கும் புத்தகம். மின்சாரத் துறையில் உலக அளவில் இந்தப் புத்தகங்களை எழுதுவது ஐ.இ.சி. எனப்படும் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம். 1906-இல் தொடங்கியது. வீட்டு உபயோகச் சாதனங்களுக்கான அதன் தரநிலை ஐ.இ.சி. 60335. முதல் பாகம் எல்லாச் சாதனத்துக்கும் பொதுவானது. அதற்குப் பிறகு சாதனத்துக்கு ஒரு பாகம்: இஸ்திரிப் பெட்டிக்கு 2-3, மிக்சி போன்ற சமையலறைக் கருவிகளுக்கு 2-14, கெட்டிலுக்கும் ரைஸ் குக்கருக்கும் 2-15, குளியலறை இன்ஸ்டன்ட் ஹீட்டருக்கு 2-35, மின்விசிறிக்கு 2-80.

மலேசியாவின் தரநிலைகளைக் கவனிப்பது ஜாபாத்தான் ஸ்டாண்டர்ட் மலேசியா. 1996-ஆம் ஆண்டின் மலேசியத் தரநிலைகள் சட்டத்தின் கீழ் இயங்கும் அரசுத் துறை இது. ஐ.இ.சி. தரநிலையை நம் நாட்டுக்கு ஏற்றுக்கொள்ளும்போது அதன் முன்னால் எம்.எஸ். என்ற எழுத்துகள் சேரும்.

சரி, புத்தகம் இருக்கிறது. அதன்படி செய்தே ஆக வேண்டும் என்று யார் சொல்வது? தரநிலை தானாக யாரையும் கட்டாயப்படுத்தாது. கட்டாயம் சட்டத்திலிருந்து வருகிறது. நம்மிடம் 1990-ஆம் ஆண்டின் மின்சார விநியோகச் சட்டமும் அதன் கீழ் 1994-இல் வந்த மின்சார ஒழுங்குமுறை விதிகளும் இருக்கின்றன. இவற்றை அமல்படுத்துவது சுருஹன்ஜாயா தெனாகா, அதாவது எரிசக்தி ஆணையம். 2001-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவாக்கப்பட்டது. தெனாகா நேஷனல் வேறு, இது வேறு. தெனாகா நேஷனல் நமக்குக் கரண்ட் விற்கும் நிறுவனம். ஆணையம் விதிகளைக் காக்கும் அமைப்பு. பில் வருவது முன்னதிடமிருந்து என்பதால் பலர் எல்லாப் புகாரையும் அங்கேயே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள்.

அந்த விதிகளில் 97-ஆவது விதிதான் நம் விஷயத்துக்கு ஆணிவேர். பொதுமக்கள் வாங்கிப் பயன்படுத்தும் மின்சாதனத்தை ஆணையத்தின் அங்கீகாரச் சான்றிதழ் இல்லாமல் தயாரிக்கக் கூடாது, இறக்குமதி செய்யக் கூடாது, கடையில் வைக்கக் கூடாது, விற்கக் கூடாது, விளம்பரம்கூடச் செய்யக் கூடாது. கட்டாய அங்கீகாரம் வேண்டிய சாதனங்களுக்கு ஒரு பட்டியல் உண்டு. முப்பதுக்கும் மேற்பட்ட வகைகள். மின்விசிறி, ரைஸ் குக்கர், கெட்டில், இஸ்திரிப் பெட்டி, ஹேர் டிரையர், ஹீட்டர், தொலைக்காட்சி, குளிர்சாதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம், பிளக், சுவிட்ச், எக்ஸ்டென்ஷன், போன் சார்ஜர் எல்லாம் அதில் அடக்கம்.

பட்டியலில் இல்லாத சாதனத்துக்கு அங்கீகார லேபிள் இல்லாததில் குற்றம் எதுவும் இல்லை. ஆனால் அதை யாரும் கட்டாயமாகச் சோதிக்கவில்லை என்று பொருள். அங்கே உங்கள் கண்ணுக்கும் கைக்கும் வேலை அதிகம்.

லேபிள் எப்படி வந்து ஒட்டுகிறது

ஒரு நிறுவனம் புதிதாக ஒரு கெட்டிலை விற்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தயாரிப்பது சீனாவில் என்றாலும், விண்ணப்பிப்பது மலேசியாவில் பதிவுபெற்ற நிறுவனமாக இருக்க வேண்டும். ஏதாவது நடந்தால் பிடிக்க ஓர் ஆள் இங்கே இருக்க வேண்டும் அல்லவா? மாதிரிகள் ஆய்வுக்கூடத்துக்குப் போகும். அந்தக் கூடத்துக்கே ஐ.எஸ்.ஓ./ஐ.இ.சி. 17025 என்ற தரநிலை உண்டு; அளக்கும் கருவி சரியாக அளக்கிறதா, ஆட்களுக்கு அந்த வேலை தெரியுமா என்று அவர்களையும் ஒருவர் வந்து தணிக்கை செய்கிறார். சோதனை அறிக்கை, அரசுக்குச் சொந்தமான தரச் சோதனை நிறுவனமாகிய சிரிமின் சான்றிதழ்ப் பிரிவான சிரிம் கியூ.ஏ.எஸ்.க்குப் போய், அப்புறம் ஆணையத்தின் அங்கீகாரம் கிடைத்த பிறகுதான் வரிசை எண் போட்ட லேபிள் கைக்கு வரும்.

இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும், ஏனென்றால் வெளியில் யாரும் அதிகம் பேசாத இடம் இது. ஆய்வுக்கூடத்துக்குப் போவது நாலைந்து மாதிரிகள். கடைக்கு வருவதோ ஆயிரக்கணக்கில். மாதிரியில் போட்ட அதே வயர், அதே சுவிட்ச், அதே வெப்பக் கட்டுப்படுத்தி ஆயிரமாவது கெட்டிலிலும் இருக்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? அதனால்தான் ஒரு தடவை சோதித்ததோடு விடுவதில்லை. தொழிற்சாலைக்கே போய்த் தணிக்கை செய்வது ஒரு வழி. இறக்குமதியாகும் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்துச் சோதிப்பது இன்னொரு வழி. சோதனை அறிக்கையில் முக்கிய உதிரிபாகங்களின் பட்டியல் இருக்கும்: வயர் யாருடையது, எந்த மாடல், வெப்பப் பியூஸ் எத்தனை டிகிரியில் அறும் என்பது வரை. அவற்றில் ஒன்றை மாற்றினாலும் தெரிவித்து அனுமதி வாங்க வேண்டும். எங்கள் வேலையில் எனக்குப் பயம் தருவது வெளிப்படையான போலியைவிட இந்தச் சத்தமில்லாத மாற்றம்தான். சில காசு மிச்சம் என்று வெப்பப் பியூஸை மாற்றிவிட்டால் பார்க்க எந்த வித்தியாசமும் தெரியாது. கெட்டில் தண்ணீரையும் ஒழுங்காகக் கொதிக்கவைக்கும். ஒரு நாள் தண்ணீர் இல்லாமல் ஆன் ஆகும்போதுதான் தெரியும்.

உள்ளே என்னதான் சோதிக்கிறார்கள்

முதலில் விரல். உண்மையான விரல் இல்லை. 12 மில்லிமீட்டர் விட்டமும் 80 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட, மனித விரலைப் போலவே மூட்டு வைத்த ஓர் உலோகக் கருவி. சாதனத்தின் ஒவ்வொரு துவாரத்திலும் இடுக்கிலும் அதை விட்டு, மடக்கி, திருப்பிப் பார்ப்போம். கரண்ட் ஓடும் பாகத்தை அது தொட்டுவிட்டால் சாதனம் தேறவில்லை. வீட்டில் ஒரு குழந்தை விரலை விடுவதற்கு முன் நாங்கள் விட்டுப் பார்க்கிறோம், அவ்வளவுதான்.

அடுத்தது ஈரம். சாதனத்தை 93 விழுக்காடு ஈரப்பதத்தில் 48 மணி நேரம் வைத்திருப்போம். ஐரோப்பாவில் இருப்பவருக்கு இது கடுமையான சோதனையாகத் தெரியலாம். பினாங்கில் மழை விட்ட ஒரு காலைப்பொழுது கிட்டத்தட்ட இந்த ஈரத்தோடுதான் விடிகிறது. மட்டமான பிளாஸ்டிக்கும் காகித அட்டையும் ஈரத்தைக் குடிக்கும். குடித்தபின் அவை கரண்டைத் தடுக்காமல் கசியவிடத் தொடங்கும். அதனால் ஈர அறையிலிருந்து எடுத்த கையோடு கசிவை அளந்து, உயர் மின்னழுத்தச் சோதனைக்கு அனுப்புவோம்.

உயர் மின்னழுத்தச் சோதனையைத் தொழிற்சாலையில் ‘ஹைபாட்’ என்பார்கள். 230 வோல்ட்டில் ஓடும் சாதனத்தின் காப்புக்கு, அதாவது கரண்ட் வெளியே வராமல் தடுக்கும் உறைக்கு, வேண்டுமென்றே அதைவிடப் பல மடங்கு அழுத்தம் கொடுப்பது. கரண்ட் பாகத்துக்கும் நாம் கை வைக்கும் பாகத்துக்கும் இடையே எர்த் இல்லாமல் இரட்டைக் காப்பை மட்டும் நம்பியிருக்கும் சாதனம் என்றால் 3000 வோல்ட், ஒரு நிமிடம். காப்பு உடைந்து மின்பொறி தாண்டினால் கருவி கத்தும். இது ஆய்வுக்கூடத்தில். உற்பத்தி வரிசையிலும் ஒவ்வொரு சாதனத்துக்கும் ஏறக்குறைய ஒரு நொடி ஹைபாட் உண்டு. அந்த வரிசையில் நின்று நாள் முழுக்கப் பச்சை விளக்கு, சிவப்பு விளக்கு பார்த்துப் பிரித்துப் போடும் அக்காமார்களில் நம் தமிழ்ப் பெண்கள் நிறையப் பேர். கடைசியாக ஒருவர் கை வைத்துப் பார்த்து அனுப்பிய சாமான்தான் உங்கள் வீட்டுக்கு வருகிறது என்பதை அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

அப்புறம் ‘ஏதாவது தப்பாகப் போனால்?’ வகைச் சோதனைகள். கெட்டிலைத் தண்ணீர் இல்லாமல் ஆன் செய்வோம். மின்விசிறியின் மோட்டாரைச் சுற்றவிடாமல் பிடித்து நிறுத்திக் கரண்ட் கொடுப்போம். சாதனம் செத்துப்போகலாம், அதில் தப்பில்லை. தீப்பிடிக்கக் கூடாது, ஷாக் அடிக்கும் நிலைக்கு வரக் கூடாது. பிளாஸ்டிக் பாகங்களின் மேல் சிவக்கக் காய்ச்சிய கம்பியை 30 நொடி வைத்து எடுப்போம். அந்தப் பாகத்தின் வேலையைப் பொறுத்து 550 முதல் 850 டிகிரி வரை. கம்பியை எடுத்தபின் நெருப்பு தானாக அணைகிறதா என்பதுதான் கேள்வி. ஒரு சாதனம் உங்கள் வீட்டில் எரியத் தொடங்கும்போது திரைச்சீலைக்குப் பரவுமா, அங்கேயே அணையுமா என்பதை இந்த ஒரு சோதனை பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

போன் சார்ஜரை மட்டும் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம், எல்லோர் கையிலும் இருப்பது அதுதான். சார்ஜருக்குள் இரண்டு உலகங்கள். ஒரு பக்கம் சுவரிலிருந்து வரும் 230 வோல்ட். மறுபக்கம் போனுக்குப் போகும் 5 வோல்ட் அல்லது 9 வோல்ட். கேபிள் வழியாக நம் கைக்கும் காதுக்கும் வருவது இந்தப் பக்கம். இரண்டுக்கும் நடுவே சர்க்யூட் பலகையில் ஓர் இடைவெளி விட்டாக வேண்டும். அதன் மேல் எந்தச் செம்புக்கோடும் ஓடக் கூடாது. எவ்வளவு இடைவெளி என்பது பலகையின் பொருளையும் தூசி ஈரத்தையும் பொறுத்தது. வழக்கமாக 5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும். நல்ல சார்ஜரைப் பிரித்தால் நடுவில் பலகையையே வெட்டிப் பள்ளம் போட்டிருப்பார்கள், தூசி சேர்ந்து பாலம் கட்டிவிடக் கூடாது என்பதற்காக. டிரான்ஸ்பார்மருக்குள்ளும் மூன்று சுற்று காப்பு போட்ட தனி வகைக் கம்பி. மட்டமான சார்ஜரில் இரண்டு பக்கமும் நகக்கண் அளவு தூரத்தில் நிற்கும். நெடுநாள் நன்றாகவே சார்ஜ் ஏறும். ஒரு நாள் ஈரமோ மின்னலால் வந்த அழுத்த ஏற்றமோ அந்த நகக்கண் தூரத்தைத் தாண்டினால், 230 வோல்ட் நேராகப் போனுக்கு வரும். லேபிள் இருக்கும் சார்ஜருக்கும் இல்லாததற்கும் விலை வித்தியாசம் எங்கே போகிறது என்று கேட்பவர்களுக்கு என் பதில் அந்த ஐந்து மில்லிமீட்டர்தான்.

மூன்று கால், இரண்டு கால்

இஸ்திரிப் பெட்டி, ரைஸ் குக்கர் போன்ற உலோக உடம்புச் சாதனங்களில் மூன்றாவதாக ஓர் எர்த் வயர் வரும். உள்ளே கரண்ட் வயர் அறுந்து சாதனத்தின் உடம்பில் பட்டால், கரண்ட் உங்கள் வழியாகப் போகாமல் எர்த் வழியாகப் போய் பிரேக்கரை விழவைக்கும். அந்த வழி அகலமாக இருந்தால்தான் பயன். அதனால் சாதனத்தின் உடம்பிலிருந்து எர்த் முனை வரை மின்தடை 0.1 ஓமுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. இவை ‘கிளாஸ் 1’. பிளாஸ்டிக் உடம்போடு இரட்டைக் காப்பு கொண்டவை ‘கிளாஸ் 2’. சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருக்கும். இவற்றுக்கு எர்த் தேவையில்லை.

நம் வீடுகளில் இருக்கும் 13 ஆம்பியர் மூன்று கால் பிளக் பிரிட்டனில் 1947-இல் வெளியான பி.எஸ். 1363 தரநிலையின் வாரிசு. மலேசியாவில் அதற்கு எம்.எஸ். 589. எர்த் கால் மற்ற இரண்டைவிட நீளமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. அதுதான் முதலில் உள்ளே போய் மற்ற இரண்டு துவாரங்களின் மூடியைத் திறக்கிறது. எர்த் தொட்ட பிறகே கரண்ட் தொடும். கழற்றும்போது கடைசியாக வருவதும் அதுவே. மற்ற இரு கால்களின் அடிப்பகுதியில் கறுப்புப் பிளாஸ்டிக் உறை இருக்கும், பாதி செருகிய நிலையில் விரல் உலோகத்தில் படாமலிருக்க. இரண்டு கால் பிளக்கை நுழைக்க எர்த் துவாரத்தில் பேனாவை விட்டுத் திறக்கும் பழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. தயவுசெய்து விட்டுவிடுங்கள். குழந்தைகளைக் காக்கும் மூடியை நாமே அவர்கள் கண் முன்னால் திறந்து காட்டுகிறோம்.

அந்தப் பிளக்குக்குள் ஒரு பியூஸ் இருக்கிறது. அது ஏன் என்று கேட்டால் பலர் “சாதனத்தைக் காப்பாற்ற” என்பார்கள். அது காப்பாற்றுவது முக்கியமாக வயரை. சுவருக்குள் ஓடும் வயர் தடிமனானது, அதற்கான பிரேக்கர் 20 அல்லது 32 ஆம்பியர். ஆனால் மேசை விளக்கின் வயர் மெல்லியது, 0.75 சதுர மில்லிமீட்டர் செப்பு வயர் என்றால் 6 ஆம்பியர் வரை தாங்கும். அந்த மெல்லிய வயரில் 15 ஆம்பியர் ஓடினாலும் 32 ஆம்பியர் பிரேக்கருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. வயர் சூடாகி உருகும், பிரேக்கர் அப்படியே நிற்கும். இடையில் நின்று பார்ப்பது பிளக்கிலுள்ள பியூஸ். அதனால் சுமார் 700 வாட்டுக்குக் கீழ் உள்ள சாதனத்துக்கு 3 ஆம்பியர் பியூஸ், கெட்டில் இஸ்திரிப் பெட்டிக்கு 13 ஆம்பியர். விளக்குக்குப் பியூஸ் போய்விட்டது என்று கையில் கிடைத்த 13 ஆம்பியரைப் போட்டால் விளக்கு எரியும், ஆனால் வயருக்குக் காவல் போய்விடும்.

எக்ஸ்டென்ஷனுக்கும் இதே கணக்குதான். 13 ஆம்பியரை 230-ஆல் பெருக்கினால் 2990 வாட். நான்கு துவாரம் இருந்தாலும் எல்லாம் சேர்ந்து அவ்வளவுதான். 2000 வாட் கெட்டிலும் 1500 வாட் ஓவனும் ஒன்றாக ஓடினால் 15 ஆம்பியரைத் தாண்டும். 13 ஆம்பியர் பியூஸ் உடனே அறுந்துவிடும் என்று நினைக்காதீர்கள்; அந்த அளவை அது நெடுநேரம் தாங்கும். அதற்குள் மட்டமான எக்ஸ்டென்ஷனின் உள்ளே இருக்கும் மெல்லிய தகடு பழுக்கச் சூடாகிவிடும். வாங்குவதற்கு முன் ஒரு சிறிய காந்தத்தை பிளக் காலில் வைத்துப் பாருங்கள். பித்தளையில் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் இரும்புக்கு மேல் முலாம் பூசியது. வயரின் மேல் அச்சிட்டிருப்பதையும் படியுங்கள். 13 ஆம்பியர் எக்ஸ்டென்ஷனில் 1.25 சதுர மில்லிமீட்டர் இருக்க வேண்டும்.

சி.இ., ஐ.எஸ்.ஐ., நட்சத்திரம்

இப்போது ஆரம்பக் கேள்விக்கு வரலாம். சி.இ. என்பது ஐரோப்பியச் சந்தைக்கான குறி. பெரும்பாலான வீட்டுச் சாதனங்களில் அதைப் போடுவது தயாரிப்பாளர்தான். ஐரோப்பியச் சட்டத்தின்படி செய்திருக்கிறேன் என்று அவரே கொடுக்கும் உறுதிமொழி. பொய் சொன்னால் ஐரோப்பாவில் அவரைப் பிடிக்க அதிகாரிகள் இருக்கிறார்கள். பட்டர்வொர்த் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்கும் சார்ஜரில் அந்த எழுத்துகளை அச்சடித்தவரைப் பிடிக்க அங்கிருந்து யாரும் வரப் போவதில்லை. எனவே மலேசியாவில் விற்கும் சாமானில் சி.இ. மட்டும் இருந்தால் எனக்கு அது போதாது. சிரிமும் ஆணையமும் சேர்ந்த லேபிளைத் தேடுங்கள்.

ஐந்து நட்சத்திர லேபிள் வேறு கதை. அது எவ்வளவு கரண்ட் குடிக்கிறது என்பதைச் சொல்கிறது. 2013 மே மாதத்திலிருந்து மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி, ஏர்கான், தொலைக்காட்சி, விளக்கு ஆகியவற்றுக்குக் குறைந்தபட்ச மின்திறன் அளவு கட்டாயமாகி, பிறகு வேறு சாதனங்களும் சேர்ந்தன. 2025 ஜனவரி 1 முதல் இதற்குத் தனிச் சட்டமே நடப்பில் இருக்கிறது. போன், வைஃபை ரூட்டர், புளூடூத் ஸ்பீக்கர் ஆகியவற்றில் காணும் லேபிள் மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்துக்கானது. அது ரேடியோ அலை சம்பந்தப்பட்டது. ஒரு ஸ்பீக்கருக்கு அந்த லேபிள் இருந்து, அதோடு வந்த சார்ஜருக்குப் பாதுகாப்பு லேபிள் இல்லாமல் போகலாம். இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.

ஐ.எஸ்.ஐ. நம்மவர்களுக்கு நெருக்கமானது. ஊருக்குப் போய்விட்டு வரும்போது சென்னையிலோ திருச்சியிலோ வாங்கிய மிக்சியும் கிரைண்டரும் கூடவே வருகின்றன. ஐ.எஸ்.ஐ. வெறும் சுயசான்று இல்லை. இந்திய தர நிர்ணய அமைவனம் உரிமம் கொடுத்துக் கண்காணிப்பது. இந்தியாவிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்பதால் இங்கே ஓடவும் செய்யும். நம் பக்கம் 240 என்று சொல்லிப் பழகியிருந்தாலும் 2008 ஜனவரியிலிருந்து மலேசியாவின் அதிகாரபூர்வ அளவும் 230-தான்.

சிக்கல் பிளக்கில் இருக்கிறது. இந்தியப் பிளக்கின் கால்கள் உருண்டை, உள்ளே பியூஸ் கிடையாது. அதை நம் சாக்கெட்டில் நுழைக்க எல்லா நாட்டுப் பிளக்கும் சேரும் மலிவு அடாப்டரை மாட்டுகிறார்கள். அந்த அடாப்டர்கள் பலவற்றில் எர்த் தொடர்பே இல்லை. உலோகப் பாத்திரம், ஈரக் கை, மாவு, சமையலறைத் தரை, எர்த் இல்லை. எனக்கு இதை நினைத்தாலே மனது கேட்பதில்லை, காரணம் இதைச் செய்வது பெரும்பாலும் நம் அம்மாக்களும் பாட்டிகளும். இங்கே அங்கீகாரம் பெற்று விற்கும் மாடல் கிடைத்தால் அதையே வாங்குங்கள். ஏற்கெனவே கொண்டுவந்துவிட்டீர்கள் என்றால் அடாப்டரை நம்பாமல், தெரிந்த வயர்மேனிடம் கொடுத்து, பொருத்தமான பியூஸ் போட்ட மூன்று கால் பிளக்காக மாற்றி, சாதனத்தின் உடம்பு வரை எர்த் வருகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டில் நாம் பார்க்க வேண்டிய வேலை

சாதனம் எவ்வளவு சோதித்து வந்தாலும் சுவருக்குப் பின்னாலிருப்பது சரியில்லாவிட்டால் பயனில்லை. மெயின் ஸ்விட்ச் பெட்டியில் ‘டெஸ்ட்’ பொத்தான் வைத்த கருவி ஒன்று இருக்கும். போகும் கரண்டும் திரும்பும் கரண்டும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கிறது. வித்தியாசம் வந்தால், எங்கோ கசிகிறது, ஒருவேளை ஒரு மனித உடம்பு வழியாக, என்று எடுத்துக்கொண்டு இணைப்பைத் துண்டிக்கும். 1994 விதிகள் இதற்கு மூன்று அளவு வைத்திருக்கின்றன: பொதுவாக 100 மில்லி ஆம்பியர், கையில் பிடித்துப் பயன்படுத்தும் சாதனங்களுக்கான இணைப்பில் 30, தரை ஈரமாகும் இடத்தில் 10. குளியலறை ஹீட்டருக்கு அந்தப் பத்துதான் வேண்டும். ஹீட்டருக்குள்ளேயும் இப்படி ஒரு கருவி இருக்கலாம். அதைக் காட்டி வயரிங்கில் உள்ளதைத் தவிர்க்க யாரையும் விடாதீர்கள். மாதம் ஒரு தடவை டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள். விழவில்லை என்றால் அன்றைக்கே வயர்மேனைக் கூப்பிடுங்கள். ஜோர்ஜ்டவுனில் பழைய கடைவீடுகளில் குடியிருப்பவர்கள் முதலில் இந்தக் கருவி இருக்கிறதா என்றே பார்க்க வேண்டும்.

இணையத்தில் வாங்கும்போது படத்தில் லேபிள் இருப்பது போதாது. விற்பவரிடம் “சிரிம் லேபிள் சாதனத்திலேயே ஒட்டியிருக்கிறதா, அதைப் படமெடுத்து அனுப்ப முடியுமா?” என்று கேளுங்கள். மாடல் எண் பெட்டியில் ஒன்று, சாதனத்தில் ஒன்று என்று இருந்தால் திருப்பிக் கொடுங்கள். தயாரிப்பாளர் பெயரே இல்லாமல் வோல்ட் மட்டும் அச்சிட்ட சாதனத்தைத் தொடவே வேண்டாம். அமெரிக்காவிலிருந்து யாராவது 120 வோல்ட் சாதனம் கொண்டுவந்தால் இங்கே நேராகச் செருகினால் கருகும்.

ஷாக் அடித்தாலோ பிளக் உருகினாலோ கோபத்தில் சாமானைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். வைத்திருங்கள். மெயினை அணைத்துவிட்டுப் பிளக்கை எடுங்கள். லேபிள், மாடல் எண், உருகிய இடம் எல்லாவற்றையும் படமெடுங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். லேபிள் இல்லாத சாதனம் கடையில் விற்கப்படுகிறது என்றால் புகார் எரிசக்தி ஆணையத்துக்கு. கடிதம் எழுதத் தெரியாது, மலாய் சரளமாக வராது என்று தயங்குகிறவர்கள் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை அணுகலாம். பணம் திரும்பவோ இழப்பீடோ வேண்டும் என்றால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இயங்குவது. 50,000 ரிங்கிட் வரை கோரலாம், பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் மனு கொடுக்க வேண்டும். உருகிய அந்தப் பிளக்கையும் கூடவே எடுத்துக்கொண்டு போங்கள்.